ஆரின் ஹாக்லண்ட் போட்ட நட்சத்திரக் குறி

டுலூத் நகரில் ஆரின் ஹாக்லண்டைவிடப் பெரிய முட்டாள் கிடையாது என்று நான் சொன்னால், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் பவளம் வளர்க்கும் எங்கள் கழகத்தில் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் நவம்பரிலிருந்து அந்த முட்டாளின் தயவில்தான் நான் இருந்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பவளம் வைத்திருப்பவர் அதில் ஒரு துண்டை ஒடித்து, இன்னொருவர் தொட்டியில் அடைக்கலமாக விட்டுவைப்பார். தன் தொட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பதினொரு வருஷம் நான் வளர்த்த ஊதாப் பவளத்தின் துண்டு ஆரினிடம் இருந்தது. நவம்பரில் பனிமழை கொட்டி மூன்று நாள் மின்சாரம் போனது. என் தொட்டி சில்லிட்டுப்போய் ஒன்று பாக்கியில்லாமல் செத்தது. அந்தப் பவளத்தில் மிச்சம் இருந்தது ஆரின் வீட்டுத் துண்டு மட்டும்தான், கட்டைவிரல் நீளம். என் புதுத் தொட்டித் தண்ணீர் பதமாக மூன்று மாதமாவது வேண்டும். அதுவரை அது அங்கேதான் இருக்க வேண்டும்.

ஆரின் முப்பது வருஷம் எடை அளவு ஆய்வாளனாக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது வேலை. முள் மயிரிழை தள்ளி நின்றாலும் கறிக்கடைக்காரனைக் கண் கலங்க வைத்துவிட்டுத்தான் வெளியே வருவான். ஓய்வு பெற்றதும் மிரட்டத் தராசு இல்லை, தொட்டி வாங்கினான். தொட்டிக்குள் நீந்தும் மீனை அவன் நின்று பார்த்து நான் கண்டதில்லை. பக்கத்தில் மாட்டியிருக்கும், தண்ணீரின் காரத்தை எண்ணாகக் காட்டும் பிஎச் மீட்டரைத்தான் பார்ப்பான். காலை ஏழு மணிக்கு அந்த எண்ணை நோட்டில் எழுதாவிட்டால் அவனுக்குக் காப்பி இறங்காது.

பவளத் தொட்டிக்கு அந்த எண் எட்டுக்கு மேல், எட்டேகாலை ஒட்டி இருந்தால் நல்லது. எங்கள் ஊர்க் குளிரில் ஜன்னலைத் திறக்க முடியுமா? மூச்சும் அடுப்புப் புகையும் வீட்டுக்குள்ளேயே சுற்றி, அந்தக் கரியமில வாயு தண்ணீரில் கலந்து, எண் இறங்கிவிடும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆரின் மட்டும் அதைத் தன் மனைவி ஆர்டிஸ் தலையில் போட்டான். ஆர்டிஸ் சர்ச்சில் அடக்கம் முடிந்து போடும் சாப்பாடுகளுக்கும் ஒரு காப்பிக் கடைக்கும் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுப்பவள். சமையலறையும் தொட்டியும் ஒரே கூடத்தில். உன் ரொட்டி என் பவளத்தைக் கொல்கிறது என்று கழகக் கூட்டத்தில் எங்கள் முன்னாலேயே சொன்னான். அவள் சுட்ட ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான், வெட்கங்கெட்டவன். நாங்களும் ரொட்டியைத் தின்றுகொண்டு சிரித்தோம்.

அடுப்பை ஈடுகட்டத் தினமும் தொட்டிக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டவிட்டான். சுண்ணாம்பு எண்ணை ஏற்றும். அதன் அளவு அவனே கண்டுபிடித்ததாம். அதைப் பற்றிப் படம் போட்டு ஒன்றரை மணி நேரம் எங்களைக் கழுத்தறுத்தான்.

ஜனவரிக் கூட்டத்தில் ஆளைப் பிடிக்க முடியவில்லை. நடுக் குளிர்காலத்தில் எட்டு புள்ளி மூன்று என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். ரொட்டி வரவில்லை, கடையில் வாங்கிய பிஸ்கட் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஆரினிடமிருந்து எனக்கு போன் வந்தது. எண் எட்டு புள்ளி ஆறு. நான் நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தவள், இதே மீட்டர்களோடு மல்லுக்கட்டியவள். உதவி கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே, மீட்டர் சரியா என்று சரிபார்த்துச் சொன்னால் போதும் என்றான். எட்டு புள்ளி ஆறில் என் பவளம் எத்தனை நாள் தாங்கும்?

போய்ப் பார்த்தால் தொட்டிக் கண்ணாடியெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. சுண்ணாம்பு தண்ணீரில் நிற்க மாட்டாமல் பிரிந்து படிந்துகொண்டிருந்தது. என் பவளத்தின் நுனிகள் வெந்து வெளுத்துவிட்டன. அவன் செய்த வைத்தியங்களை வரிசையாக ஒப்பித்தான். மீட்டர் முனையை மூன்று முறை மாற்றினானாம். வினிகர் ஊற்றினானாம், சோடா ஊற்றினானாம். ஒரு மணி நேரம் இறங்கி மறுபடி ஏறுகிறதாம். சுண்ணாம்புத் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாயா என்றேன். அந்த அளவில் தப்பே வராது என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆறு குளிர்காலமாக ஏழு புள்ளி ஒன்பது. ஜனவரி பதினாலிலிருந்து ஏற்றம். பதினேழாம் தேதி எட்டு புள்ளி மூன்று. பக்கத்தில் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டு, ‘கடைசியில்!’ என்று எழுதியிருந்தான்.

"பதினாலாம் தேதி என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அன்னிக்குத்தான் நம்பர் ஏற ஆரம்பிச்சுது."

அப்போதுதான் திரும்பிச் சமையலறையைப் பார்த்தேன். அடுப்பின் மேல் பிரிக்காத தபால்கள் குவிந்து கிடந்தன. தொட்டால் இரும்பு ஜில்லென்றிருந்தது.

"ஆர்டிஸ் எங்கய்யா?"

"ஃபார்கோவுல, அக்கா வீட்டுல."

"எப்ப போனா?"

"பதினாலாம் தேதி," என்றான். என்னைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அடுப்பு அணைந்துவிட்டது, மூச்சு விடும் ஆள் ஒன்று குறைந்துவிட்டது, காற்று சுத்தமாகிவிட்டது. நீ மட்டும் அவள் இருந்தபோது ஊற்றிய அதே அளவை ஊற்றிக்கொண்டிருக்கிறாய். கால்வாசியாகக் குறை, தானாக இறங்கும் என்றேன்.

கவனமாகக் கேட்டான். போனை எடுத்து ஃபார்கோவைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடினான். போகட்டும், இப்போதாவது உறைத்ததே, ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். என்னையும் முட்டாளாக்கிவிட்டான்.

"ஆர்டிஸ், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடுப்பு எரியும்? சரியாச் சொல்லு, அளவு போடணும்."

"காலையில நாலு, சாயங்காலம் ரெண்டு," என்றாள் ஆர்டிஸ். "பதினேழு வருஷமா. பக்கத்துல யாரு?"

"ஜோலீன். அவளோட பவளத்தைப் பாக்க வந்தா."

"ஓ, ஜோலீனா? பவளம் நல்லாருக்கா ஜோலீன்?"

போனை வைத்துவிட்டாள். ஆரின் நோட்டில் ‘ஆறு மணி’ என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

நானே சுண்ணாம்புத் தண்ணீர் பம்பைக் குறைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் எண் எட்டு புள்ளி இரண்டுக்கு வந்தது. மார்ச்சில் என் பவளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடிப்பாகம் பிழைத்துக்கொண்டது. ஆர்டிஸின் ஃபார்கோ போன் எண்ணை ஆரினிடம் கேட்டு வாங்கிக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.