மாப்பிள்ளை மாதையன் ஓட்டிய மொரப்பூர் ரயில்

யாரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். நான் சொல்வதைக் களைந்து, கல் பொறுக்கி, அதன் பிறகே உலையில் போட வேண்டும் என்று நம் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மாதையனைத் தெரிந்தவர்கள், அவர் பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறியவர்கள், இதைக் கடைசி வரை படித்தால் போதும்.

செய்தி வந்தபோது நான் தொப்பூர் கணவாயில் ஒரு பரோட்டாக் கடை பெஞ்சில் இருந்தேன். மேலே லாரி ஒன்று சாய்ந்து கிடந்ததால் எங்கள் பஸ் நகரவில்லை. போனில் என் தங்கை சாலம்மா. அழவில்லை.

"அண்ணா, அவரு ஒத்த விசிலு குடுத்தாருங்ண்ணா. ரெட்டை விசிலு வரவே இல்ல. வண்டி நின்னுக்கிட்டே இருக்குது."

பக்கத்தில் இருந்தவர், "எந்த பஸ்ஸுங்க? அடி பலமா?" என்று கேட்டார். அவள் சொன்னது பஸ்ஸை அல்ல. தோட்டத்து ரயிலை. மாதையன் மாப்பிள்ளை போய்விட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாதையன் என் தங்கை கணவர். வேலையில் இருந்த காலமெல்லாம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் புறப்படும். ஓய்வு பெற்றதும், "ஆயுசு பூரா பஸ்ஸுல குலுங்கியாச்சு மச்சான், இனிமே ரயிலுதான்" என்று அறிவித்துவிட்டு, வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு ரயில்வே கட்டினார். நாலு விரல் அகலத் தண்டவாளம். ஜன்னல் கதவு செய்யும் கடையிலிருந்து அலுமினியப் பட்டை. வேப்பங்குச்சியைத் துண்டு போட்டுக் கழிவு ஆயிலில் ஊறவைத்த கட்டைகள். சலித்தெடுத்த பொடி ஜல்லி. பழைய பஸ்ஸின் வைப்பர் மோட்டார்தான் என்ஜின். பிஸ்கட் டின்கள்தான் பெட்டிகள். வீட்டு வாசலருகே கொய்யா மரத்தடி 'தருமபுரி'. தோட்டக் கோடியில் போர்வெல் பக்கம் 'மொரப்பூர்'. அது ஓடத் தொடங்கிய அன்று ஒகேனக்கல் அருவி ஒரு நொடி விழாமல் நின்று கேட்டது. சித்தேரி மலையில் சாமைக் கதிர்கள் தாமாகத் தலைசாய்த்தன. டெல்லியில் ரயில்வே மந்திரிக்கு விக்கல் எடுத்தது.

ஏன் மொரப்பூர் என்று பெரியவர்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் மொரப்பூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. பிறகு யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை தன் ரயிலுக்கு மண் வெட்டியபோது புளியமரத்தடியில் மண்வெட்டி 'ணங்' என்றது. தோண்டத் தோண்ட வரிசையாகச் செதுக்கிய கருங்கற்கள். நடைமேடையின் விளிம்பு. அந்தச் சின்ன ரயில் நின்று போன இடம் சாலம்மாவின் தோட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் துள்ளிக் குதித்தேன். மாப்பிள்ளை மட்டும் அந்தக் கற்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரயிலை நிறுத்தியாச்சுன்னு பேப்பர்ல போட்டிருப்பான் மச்சான். இங்க மூட்டையோட காத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு எவன் வந்து சொன்னான்?"

"அவங்கெல்லாம் நடந்தே போயிருப்பாங்க மாப்ள."

"போனவங்க போயிருப்பாங்க" என்றார். அந்த இடத்திலேயே ஒரு நிறுத்தம் வைத்தார். அதற்குப் பெயர் வைக்கவில்லை.

அவருடைய குணம் தெரிந்தால்தான் மீதி புரியும். சித்தேரி மலைப்பாதையில் ஒருமுறை அவருடைய பஸ் பஞ்சராகி நின்றது. நானும் அதில் இருந்தேன். டயர் மாற்றி எல்லாரும் ஏறிய பிறகும் அவர் விசில் கொடுக்கவில்லை. "இன்னொரு ஆளு வரணும்" என்றார். பஸ்ஸே கத்தியது. "யோவ் கண்டக்டரு, எங்களுக்கெல்லாம் வூடு வாசல் இல்லையா?" அவர் படியில் கால்கூட வைக்காமல் ரோட்டில் நின்றார். கடைசியில், ஒதுங்கப் போயிருந்த ஒரு பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு புதருக்குள்ளிருந்து வந்து, கையில் ஒரு தேனடையோடு ஏறினார். அந்தத் தேனடை மாட்டு வண்டிச் சக்கரம் அளவு இருந்தது. "எல்லாரும் ஏறணும். கண்டக்டரு கடைசியாத்தான் ஏறணும்" என்பது மாப்பிள்ளையின் வேதம்.

தோட்டத்து ரயிலை அவர் உச்சிப்பொழுதில்தான் விடுவார். புளியமரத்தடிக்குப் போகாதே என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே வேளையில். முதல் தடவை பார்க்கப் போன அன்று வெயில் வெள்ளையாக நின்றது. என்ஜின் கொய்யா மரத்திலிருந்து சிட்டாகப் பறந்து வந்தது. புளியமரத்தடியில் ஒரு விசில். வண்டி நின்றது. மரத்திலிருந்த காக்கைகளும் வாயை மூடிக்கொண்டன.

"பாத்து ஏறுங்க, பாத்து. ஏய், மூட்டைய உள்ள தள்ளும்மா. உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குதில்ல" என்றார் மாப்பிள்ளை.

"யாருகிட்ட மாப்ள பேசற?"

"இன்னிக்கி கூட்டம் மச்சான். சந்தை போல."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு விசில் கொடுத்தார். வேகத்துக்கு ஒரு கறுப்புக் குமிழ் வைத்திருந்தார், அதைத் திருகினார். சிட்டாக வந்த என்ஜின் முக்கியது. சக்கரம் வழுக்கியது. காலி பிஸ்கட் டின்களை இழுக்க அது மூச்சு வாங்கிய சத்தத்தில் என் சிரிப்பு நின்றது. குமிழை மேலும் மேலும் திருக, வண்டி ஊர்ந்து ஊர்ந்து மொரப்பூர் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு விசில். சற்று நேரம். திரும்பி வரும்போது பழையபடி சிட்டு.

நான் சும்மா விடுவேனா? கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து தண்டவாளத்தின் மேல் வைத்தேன். நிறுத்தத்திலிருந்து மொரப்பூர் வரை ஏற்றமே இல்லை. இன்னும் சொல்லப்போனால் லேசான இறக்கம். இறக்கத்தில் திணறும் என்ஜினை நான் கேள்விப்பட்டதில்லை. பேட்டரியை மாற்றினோம். அச்சுக்கு எண்ணெய் விட்டோம். போகையில் கனம், வருகையில் லேசு. மாப்பிள்ளைக்கு இதில் வியப்பே இல்லை.

"போறவங்கதான் மச்சான். திரும்பி வர்றதுக்கு யாரும் சீட்டு கேக்கறதில்ல."

சாலம்மாவிடம் கேட்டேன். அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. காலையில் தான் கூட்டித் தண்ணீர் தெளித்த மண்ணைக் காட்டினாள். புளியமரத்தடி மட்டும் சந்தை கலைந்த இடம்போல மிதிபட்டுக் கிடந்தது.

"கோழி சீச்சிருக்கும் சாலா."

"கோழி செருப்பு போடுமாண்ணா?"

அதற்குப் பிறகு உச்சிவேளையில் நான் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு நாள் உச்சியில் சாலம்மா அடுப்பருகே இருந்திருக்கிறாள். ஒரு விசில் கேட்டிருக்கிறது. கூட்டம் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டே குழம்பை இறக்கியிருக்கிறாள். இரண்டு விசில் வரவேயில்லை. போய்ப் பார்த்தபோது புளியமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், விசில் உதட்டிலேயே இருக்க. வாயில் விசிலோடு அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது அன்றுதானாம்.

வண்டி நிறுத்தத்திலேயே நின்றது. சாலம்மா யாரையும் தொடவிடவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் முருகேசன் நல்ல பிள்ளை. அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போக வேண்டும், தோட்டத்தைச் சமன் செய்து வந்து போகக் கார் நிறுத்த ஒரு கொட்டகை போட வேண்டும் என்றான். கருமாதி முடிந்த மறுநாள் பந்தலைப் பிரிக்கும்போது அம்மாவும் மகனும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"எப்பம்மா கெளம்பலாம்?"

"உங்கொப்பன் அங்க நிக்கறாருடா. அவர நிக்க வச்சிட்டு நான் எங்க வர்றது?"

"அம்மா, அப்பா போயிட்டாரும்மா."

"எங்க போனாரு? வண்டிதான் எடுக்கவே இல்லையே."

அவன் என்னைப் பார்த்தான். நான் பந்தல் கயிற்றைப் பார்த்தேன். சாலம்மா என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க விடுங்க வண்டிய. அவரு ஏறிட்டாரா, நிக்கறாரான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லைன்னா எனக்குத் தூக்கம் கெடையாது."

அப்போது உச்சி. என் கால்கள் தாமாக நடந்தன என்று எழுதினால் பொய். அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். முருகேசன் மீட்டரை வைத்து பேட்டரி நிறைந்திருக்கிறது என்று சொன்னான். நான் குமிழைத் திருகினேன். அசைவில்லை. பாதி திருகினேன். மோட்டார் உறுமியது, வண்டி நகரவில்லை. முழுதும் திருகினேன். கம்பி சூடேறும் வாசனை வந்தது. பெட்டிகள் நின்ற இடத்திலேயே நடுங்கின. மரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

"மாமா, ஆஃப் பண்ணுங்க, எரிஞ்சிரும்" என்றான் முருகேசன். அணைத்தேன்.

சாலம்மா மரத்தடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மத்தவங்கெல்லாம் ஏறிட்டாங்கண்ணா. இவருதான் ஏறல" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"எல்லாரும் ஏறாம கண்டக்டரு ஏற மாட்டாரில்ல? நான் இன்னும் ஏறலன்னு நிக்கறாரு."

முருகேசன் மீட்டரைக் கீழே வைத்தான். சாலம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலியாக இருந்த அந்த இடத்திடம், கடைக்குப் போய்வரச் சொல்லும் குரலில் பேசினாள்.

"ஏனுங்க. ஏறுங்க. எனக்கு இன்னும் வேலை இருக்குது. மருமவ இப்பத்தான் முழுகாம இருக்கா. எனக்காக நிக்காதீங்க, வெயிலு. நான் அடுத்த வண்டியில வரேன்."

பிறகு இடுப்பிலிருந்து அவருடைய விசிலை எடுத்து ஊதினாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் ஊதினாள். இரண்டு விசில்.

குமிழைத் திருகினேன். வண்டி புறப்பட்டது. அந்தத் திணறலை நான் எதனோடு ஒப்பிடுவேன்? கரும்பு லாரி பத்து ஒன்றாகச் சேர்ந்து தொப்பூர் கணவாய் ஏறியதுபோல இருந்தது. ஜல்லி நெரிந்தது. அலுமினியப் பட்டைகள் அழுந்தி முனகின. மொரப்பூர் போய்ச் சேரும்வரை சாலம்மா திரும்பிப் பார்க்கவில்லை. போகிறவர்களைத் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். போர்வெல் பக்கம் வண்டி நின்றதும், காக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்தத் தொடங்கின.

முருகேசன் கீழே வைத்த மீட்டரை எடுத்துக்கொண்டு, "காரை ரோட்டோரமாவே நிறுத்திக்கறேம்மா" என்றான். அதற்கு அவள், "நானும் வரலடா. மருமவளப் பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வா. வண்டி இங்கதானே வரும்" என்றாள். அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று மறுநாள் போனில் சொன்னாள். நான் தூங்கவில்லை.

சரி, களைந்தெடுப்பவர்கள் களைந்தெடுக்கலாம். மந்திரிக்கு விக்கல் எடுக்கவில்லை. தேனடை ஒரு தோசை அளவுதான். என்ஜின் திணறியதற்குக்கூட லேத் பட்டறைக்காரர் ஒரு காரணம் சொன்னார்: நாள்கணக்கில் நின்ற வண்டி, வெயிலில் இறுகிய அச்சு, பழைய மோட்டார். நான் மறுக்கவில்லை. காக்கைகள் எப்போது கத்தும், எப்போது நிறுத்தும் என்பதெல்லாம் என் சௌகரியத்துக்கு நானே வைத்துக்கொண்டது.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். மொரப்பூரிலிருந்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவன் நான். முழுதும் திருகிப் பழகிவிட்ட பயத்தில், குமிழை மெல்லத் தொட்டேன். திருகவே இல்லை, தொட்டேன். வண்டி வந்துவிட்டது. ஒரு மனிதர் இறங்கிப் போன பிறகு கையில் வருகிற லேசு அது. மாப்பிள்ளையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது.