காலில் விட்ட புழுக்கள்

என் கணவரின் பாதத்தில் புழுக்களை விட்டவர் நாகர்கோவிலில் ஒரு டாக்டர். வளைகுடாவிலிருந்து சர்க்கரை வியாதியும் ஆறாத புண்ணுமாகத் திரும்பி வந்தவர் என் கணவர். சளி பிடித்தாலும் முதுகு வலித்தாலும் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ரெண்டு வேளை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுகிற ஆள். கடைசியில் புண்ணில் இருந்த கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

“காலை எடுக்க வேண்டியதுதான். அதுக்கு முன்னால ஒண்ணு செஞ்சு பாக்கலாம்” என்றார் டாக்டர். வைத்தியத்துக்கென்றே சுத்தமாக வளர்க்கிற ஈப்புழுக்களாம். அழுகிய சதையையும் கிருமியையும் தின்னும், நல்ல சதையைத் தொடாது. புண்ணில் விட்டு வலைத்துணியால் மூடிக் கட்டிவிடுவார்கள்.

“உம்மாக்குத் தெரியப்பிடாது. தேங்காப்பட்டணம் முழுக்கச் சிரிக்கும்” என்றார் கணவர். கால் போகிற நேரத்திலும் இந்த மனிதருக்கு மானம் பெரிதாக இருந்தது. எரிச்சலாக வந்தது. சரி என்று தலையாட்டினேன்.

முதல் கட்டைப் பிரித்தபோது நாற்றம் பாதியாகக் குறைந்திருந்தது. கறுப்பெல்லாம் போய் அடியில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. நான் அங்கேயே நின்று அழுதேன். டாக்டர் மறுபடி புழு விட்டுக் கட்டி, “இதுவும் நல்லா வேலை செஞ்சா கால் தப்பிச்சிரும்” என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அவருடைய உம்மா, என் மாமி, அடுத்த தெருவில் மூத்த மகன் வீட்டில் இருந்தார். காலமெல்லாம் கருவாடு விற்றவர். கருவாட்டில் புழுவைக் கண்டால் கல்லுப்பை அள்ளிப் போட்டுத் தேய்ப்பார். புழுவுக்கு வேறு மருந்து உலகத்தில் உண்டென்று அவருக்குச் சொன்னாலும் ஏறாது.

நான் பால் வாங்கப் போன நேரம் பார்த்து வந்திருக்கிறார். மகன் நல்ல தூக்கம். கட்டின் ஓரத்தில் வலைக்குள் ஏதோ நெளிவதைக் கண்டதும் கட்டை அவிழ்த்து, அடுக்களையிலிருந்து உப்புச் சட்டியை எடுத்து வந்து, புண்ணுக்குள் அமுக்கித் தேய்த்துவிட்டார். சர்க்கரையில் மரத்துப்போன பாதம் என்பதால் மகனின் தூக்கம்கூடக் கலையவில்லை. நான் உள்ளே நுழைந்தபோது மாமி செத்த புழுக்களைத் தேங்காய்ச் சிரட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“கண்ணு அவிஞ்சா போச்சி ஒனக்கு? எம் பிள்ளைக்க காலு புழுத்துக் கெடக்கு. நீ பாலு வேங்கப் போயிருக்கியா?”

வேறு புழு வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கிருமி அதுவரை பொறுக்கவில்லை. காய்ச்சல் கொதித்தது, வீக்கம் மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

நடந்ததை அவரிடம் சொன்னேன். “உம்மாட்ட சொல்லாத. அவ தாங்க மாட்டா” என்றார். நான் தாங்குவேனா என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மாமி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

“புழு வைக்கது வரைக்கும் புண்ணைத் திரும்பிப் பாக்கல்ல இவ. நான் மட்டும் அண்ணு வரல்லண்ணா எம் பிள்ளைய முழுசாத் தின்னிருக்கும்.”

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்தப் புண்ணின் சீழை மாசக்கணக்கில் இந்தக் கையால் துடைத்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது டாக்டர் வச்ச புழு மாமி. கால் தேறி வந்துச்சி. நீங்க உப்புப் போட்டுத்தான் கால் போச்சி.”

மாமியின் முகம் வெளுத்தது. மகனைப் பார்த்து, “உள்ளதா மக்கா?” என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. “அவ பொய் சொல்லுதா உம்மா” என்றார்.

எல்லாரும் போனபிறகு கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அறைக் கதவைத் தாழிட்டேன். தையலோடு ஒட்டியிருந்த துணியைத் தண்ணீர் விட்டு இளக்காமல் ஒரே இழுப்பாக இழுத்தேன். பாதத்தைப் போல மரத்த இடமில்லை அது. அவர் கத்தினார். மாமி வெளியே நின்று கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை.