பெயரின் முதல் இரண்டு எழுத்துகள்

கேரள எல்லையோரத் தனுவச்சபுரத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்ததும் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. நோயாளிகளின் பதிவு, மருந்துக் கடை, லேப், பில் எல்லாம் ஒரே சர்வரில் ஓடின. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விசா வந்து துபாய்க்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். "பேடிக்காத, அது தன்னால ஓடிக்கிடும்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

நான் சேர்ந்த வாரமே அது நின்றது.

மதியச் சாப்பாடு முடிந்து ஓ.பி. கூட்டம் குறைகிற நேரம். முதலில் லேபிலிருந்து போன் வந்தது, பிறகு மருந்துக் கடையிலிருந்து. எல்லாத் திரைகளும் உறைந்துவிட்டன. டேட்டாபேஸ் விழுந்துவிட்டது. மறுபடி கிளப்பினால் அது தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆகும். அதுவரை மருந்துக் கடையின் வரிசை வாசலைத் தாண்டி நீளும். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் கண்ணாடி அறைக்குள் இருக்கும் என்னையே பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

மறுநாளும் விழுந்தது. அதற்கடுத்த நாளும்.

"நீ வந்ததுக்குப் பெறவுதான் இந்தக் கொழப்பம் எல்லாம். என்னத்த மாத்துன?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் மாத்தல சார்."

"பின்ன அது சும்மா சாவுமா?"

திருவனந்தபுரத்தில் அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்த கம்பெனிக்காரர் போனில், "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. கரண்டுக் கோளாறாக இருக்கும் என்று யு.பி.எஸ். பேட்டரியை மாற்றச் சொன்னேன். மாற்றிய அன்றும் விழுந்தது. வைரஸ் உண்டா என்று தேடினேன். இல்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதிருக்கிறேன். மேனேஜர் என்னை நிறுத்திவிட்டு வேறு ஆளைத் தேடுகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பிறகுதான் சர்வர் தானே எழுதி வைக்கும் லாகைப் பொறுமையாகப் படித்தேன். ஒவ்வொரு முறையும் விழுவதற்கு முன் ஒரே புலம்பல்: மெமரி போதவில்லை. எதுவோ ஒன்று மொத்த மெமரியையும் விழுங்குகிறது. நேரம் அதிகமாக எடுக்கும் தேடல் கேள்விகளைத் தனியாகப் பதிந்து வைக்கும்படி ஒரு செட்டிங்கை மாற்றினேன். அன்று விழுந்து எழுந்த பிறகு பார்த்தால், ஒரே ஒரு கேள்வி. யாரோ பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் கொடுத்து, ஊர், வயது, தேதி எதுவும் இல்லாமல் தேடியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளில் தொடங்கும் அத்தனை பேரையும், அவர்கள் வந்துபோன எல்லா நாட்களையும், லேப் ரிசல்ட்டையும், பில்லையும் சர்வர் ஒரே மூச்சில் வாரி எடுக்கப் பார்த்திருக்கிறது. அந்தப் பழைய மெஷினால் அது முடிகிற காரியம் இல்லை. கேள்வி வந்தது என்கொயரி கவுண்டரின் கம்ப்யூட்டரிலிருந்து.

அடுத்த நாள் அதே நேரத்துக்கு அங்கே போய் நின்றேன்.

என்கொயரியில் இருந்தவர் ஒரு மலையாளிச் சேச்சி. அவருக்கு எதிரே, என் அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண்மணி நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேச்சி இரண்டு எழுத்தை அடித்து பட்டனைத் தட்டினார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் எல்லாப் பக்கமிருந்தும் சத்தம் கிளம்பியது. சர்வர் விழுந்துவிட்டது.

"மெஷின் ஸ்டக் ஆயி, அம்மே. நாளெ வா" என்றார் சேச்சி. அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் சேச்சியின் முகம் வெளுத்துப்போனது. "மேனேஜரோடு பறயல்லே, மோளே" என்று, சொல்லிவிடாதே என்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவின் கதையைச் சொன்னார்.

அவருக்குச் செங்கல் என்ற ஊர்ப் பக்கம் வீடு. நிலச் சீர்திருத்தத்தில் மாமனாருக்குக் குடிகிடப்பாக, குடியிருந்த உரிமையில், கிடைத்த துண்டு மண்ணை விற்றுத்தான் ஒரே மகனை சவூதிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு நின்றுபோனது. அங்கிருந்து லீவில் வந்த ஒருவன், "அவனுக்குத் தலைக்கு சுகமில்லாம ஆச்சு, நாங்கதான் பிளேன் ஏத்தி விட்டோம்" என்றானாம். வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. விமான நிலையத்துக்கு யாரும் போகவில்லை. அவனைப் போல ஒருத்தன் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் காய்ச்சலோடு கிடந்ததாகவும், ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஏதோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாகவும் பிறகு ஒரு பேச்சு வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தெரியவில்லை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. எதைச் சொல்லியிருப்பானோ, எப்படி எழுதியிருப்பார்களோ? இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்து மட்டும் ஒன்று. அதனால்தான் சேச்சி அப்படித் தேடினார்.

நான் கம்பெனிக்காரரிடம் கோளாறு இருக்கும் இடத்தைச் சொன்னேன். அவர் வந்து திரையை மாற்றிக் கொடுத்தார். இனி பெயர், வயது, ஊர் மட்டும், அதுவும் ஒவ்வொரு பக்கமாகத்தான் வரும். மேனேஜரிடம், "தேடுத திரையில ஒரு கொறை இருந்தது சார், சரியாக்கியாச்சு" என்றேன். அன்று சர்வர் விழவில்லை. அவர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் அந்த அம்மா வந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு சேச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுத்தை அடித்ததும் பெயர்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். அவன் வயதில் இருந்தவர்கள் சிலர். எல்லோரும் ஊரும் வீடும் தெரிந்தவர்கள்.

"இல்ல அம்மா."

"அதுக்குள்ள பாத்தாச்சா மக்கா?"

"பாத்தாச்சு."

"இத்தன நாளும் சுத்திக்கிட்டே இருந்துதே. உள்ள எங்கயோ கெடக்கான், அதாக்கும் நேரமாவுதுன்னில்லா நான் நெனச்சேன்."

பெயர் தெரியாமல் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டா என்று கேட்டார். அதையும் பார்த்தேன். ஒருவர் இருந்தார், வயதானவர். நாங்கள் வேண்டாம் என்று சொல்லும்வரை அந்த அம்மா வேறு வேறு எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சேச்சி கொடுத்த சாயாவைக் குடித்தார்.

"ஒனக்கு அங்க ஆராவது உண்டா மக்கா?"

"அப்பா கத்தர்ல உண்டு."

"அப்பாட்ட ஒண்ணு கேளு."

வெள்ளிக்கிழமை அப்பாவின் போன் வந்தபோது கேட்டேன். "அது வேற நாடாக்கும் மக்கா" என்றார். பிறகு, "இருந்தாலும் கேக்குதேன்" என்றார். கேட்கவும் செய்தார். ஒன்றும் தெரியவில்லை.

அந்த அம்மா இன்னும் ஓரிரு தடவை வந்தார். பார்த்த உடனே இல்லை என்று தெரிந்துவிடும். அப்புறம் வரவில்லை.

சில மாதம் கழித்து பாறசாலையில் நான் ஏறிய பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போவதாகச் சொன்னார். அங்கே வார்டு வார்டாகப் பார்க்க விடுகிறார்களாம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"அப்பா எப்பம் வாறாரு?"

"அடுத்த மாசம்."

"ஏர்போர்ட்டுக்கு நீங்களே போவணும், கேட்டியா. அவரு தன்னால வந்துருவாருன்னு வீட்டுல இருந்துராதீங்க."

நெய்யாற்றின்கரையில் நான் இறங்கினேன். அவர் ஜன்னல் வழியே கையசைத்தார். அவருடைய மகன் கிடைத்தானா என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

அப்பா வந்த அன்று அம்மாவும் நானும் தம்பியும் விடியும் முன்பே விமான நிலையத்துக்குப் போய்விட்டோம். "எதுக்கு எல்லாரும்?" என்று சிரித்தார் அப்பா. நான் அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.