குவான் யின் அம்மாவுக்கு நேந்துக்கிட்ட சேவல்

எங்க அக்கா மாரியாயி செத்தப்ப, அவ பெத்த புள்ளைக்கு அஞ்சு நாளு. பெரிய வெள்ளம் வடிஞ்சு, மறு மாசி மாசம். பிரசவக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில மூணு பேரு போனோம். திரும்பி வாரப்ப நானும் மாமாவுந்தான். மாமான்னா அக்கா புருசன், முனுசாமி.

சாமிய நம்புற அக்காமாரே, அண்ணன்மாரே, எனக்கு ரெண்டாங் கிளாசு வரைக்குந்தான் படிப்பு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதுறேன். ஆனா நடந்தது சத்தியம்.

எனக்குத் தாய் தகப்பன் இல்ல. அக்காதான் என்னைக் கப்பலேத்தி இந்த ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டியாந்தா. தலை சீவி விட்டவ, பால்மரம் வெட்டப் பழக்குனவ, எல்லாம் அவதான். அவ போனதுக்கு அழக்கூட எனக்கு நேரமில்ல. புள்ள பால் குடிக்கல.

டின்னுப் பாலக் கரைச்சு சங்குல ஊத்துனா கக்கிரும். கஞ்சித் தண்ணி குடுத்தா வயித்தால போகும். நாங்க இருந்த லயத்து வீட்டு வரிசையில அப்பப் பால் குடுக்குற பொம்பள ஒருத்திதான். அவளும் காய்ச்சல்ல கெடந்தா. பத்து நாளுல புள்ளைக்கு அழுவக்கூடத் தெம்பில்ல. பூனக்குட்டியாட்டம் முனகும். மாமா அதத் தொடவே மாட்டாரு. பேரும் வைக்கல. “பேரு வச்சுட்டுப் பொதைக்கவா?”ன்னாரு ஒரு நாளு.

மாரியாத்தா கோயில்ல வெளக்கு வச்சேன். மஞ்சத் தண்ணி ஊத்துனேன். கேக்காத வரமில்ல.

அப்பத்தான் வண்டிக்கார சின்னையா அண்ணன் சொன்னாரு: “ஈப்போ பழைய டவுனத் தாண்டி சுண்ணாம்பு மலையில ஒரு புத்தர் கோயில் இருக்கு, தங்கச்சி. ரொம்ப காலத்துக் கோயில். குகைக்குள்ள குவான் யின் அம்மான்னு வெள்ளச் சேலையில நிக்குது. சீனத்திங்க நோவு கண்ட புள்ளைங்கள அங்கதான் தூக்கிட்டுப் போறாங்க.”

மறுநா காலையில மரத்துல கத்திய வச்சுக்கிட்டே வேண்டுனேன். “தாயே, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. புள்ளைங்களுக்கு எரங்குறவன்னு சொன்னாங்க. ஞாயித்துக்கெழம வாரேன். அது வரைக்கும் இதப் புடிச்சுக்க. ஒனக்கு ஒரு சேவல் தாரேன்.”

சேவல் அக்கா வளத்தது. செவப்பு. லயத்துல அதக் கண்டா நாயே ஒதுங்கிப் போகும்.

வியாழக்கெழம வேல முடிஞ்சு வீட்டு வாசல்ல ஒக்காந்து பயணத்துக்குத் திட்டம் போட்டோம். நான், மாமா, சின்னையா அண்ணன், பக்கத்து வீட்டுப் பேச்சி அக்கா. விடியக்காலம் வண்டி கட்டணும். தேங்கா, சூடம், வெத்தலை, சேவல்.

“பூசாரி சீனனா இருப்பானே, அவன் வெட்டுவானா?”ன்னு பேச்சி அக்கா கேட்டா.

“நாம அருவாள எடுத்துட்டுப் போவோம். அவன் மணியடிச்சா போதும் லா,”ன்னாரு சின்னையா அண்ணன்.

“அண்ணே, அந்தக் கோயிலுக்குள்ள போயிருக்கீங்களா?”

“வெளிய மாடு தண்ணி குடிச்சுச்சு. நான் வண்டியிலயே ஒக்காந்திருந்தேன்.”

அக்கா செத்த பெறகு அன்னைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒடனே அழுகையும் வந்துச்சு. ஆனா ஒருத்தருக்கும் உள்ள போற மொற தெரியல. எந்தப் பக்கம் ஏறணும், எங்க வெட்டணும், ஒண்ணுந் தெரியல. சரி, ஆத்துக்கு அந்தண்ட கீரைத் தோட்டம் போட்டிருக்குற ஆ சோகிட்ட கேப்போம்னு முடிவாச்சு. அந்தச் சீனப் பொம்பளதான் லயத்துக்குக் காய் கொண்டாந்து விக்கும். கொஞ்சம் தமிழும் கொஞ்சம் மலாயுமா பேசும்.

வெள்ளிக்கெழம வேல முடிஞ்சதும் நானும் பேச்சி அக்காவும் போனோம். புள்ளைய மாருல துணியில கட்டியிருந்தேன். சேவலையும் கையில எடுத்துக்கிட்டேன், இது போதுமா, இல்ல ஆடு வேணுமான்னு காட்டிக் கேக்க.

ஆ சோ கங்கோங் கீரைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. நான் சேவலத் தூக்கிக் காட்டி, கழுத்துல கை வச்சு, “குவான் யின் அம்மாவுக்கு”ன்னேன்.

அது தண்ணி வாளியக் கீழ போட்டுருச்சு.

“அய்யோ தங்காச்சி! அந்த சாமி அயாம் மாக்கான் இல்ல லா! ரத்தம் இல்ல! பூ, பழம், ஊதுவத்தி! நீ கத்தி கொண்டு போனா சாமி ஓடிப் போகும்!”

கோழி திங்காத சாமிக்குக் கோழி நேந்துட்டேனே! அந்தக் குத்தந்தான் புள்ள தலையில விடியப் போகுதுன்னு நெனச்சேன். பிடி நழுவி, சேவல் கீரைப் பாத்திக்குள்ள ஓடிருச்சு. பேச்சி அக்கா அதத் தொரத்துறா. ஆ சோ கீரை போச்சேன்னு ரெண்டு பேரையும் தொரத்துது. நான் நின்ன எடத்துலயே ஒக்காந்து ஓன்னு அழுதேன்.

ஆ சோ திரும்பி வந்து கிட்ட குனிஞ்சுது. துணிய வெலக்கி உள்ள பாத்துச்சு. மூஞ்சி மாறிப் போச்சு. “இதுக்காகவா கோயிலு? இது அம்மா எங்க?”

வானத்தக் காட்டுனேன்.

“சூசு குடிக்க இல்லையா?”

பால் குடிக்கலன்னு தலைய ஆட்டுனேன்.

அது வீட்டுப் பக்கம் திரும்பி என்னமோ கத்துச்சு. அது மருமக ஆ லான் வெளிய வந்தா. என் வயசுதான் இருக்கும். கையில மூணு மாசப் பொண்ணு, கொழுக்கு மொழுக்குன்னு. ஆ சோ ரெண்டு வார்த்த சொல்லுச்சு. ஆ லான் தன் பொண்ண மாமியா கையில குடுத்தா. என்கிட்ட இருந்து புள்ளைய வாங்குனா. கேக்கக்கூட இல்ல. மரப் பலகையில ஒக்காந்து மாருல வச்சா.

புள்ள வாயத் தொறக்கல. அவ ரெண்டு சொட்டு ஒதட்டுல பீச்சி விட்டா. பெறகு சப்புற சத்தம் கேட்டுச்சு.

கக்கல. கக்கவே இல்ல. குடிச்சுட்டுத் தூங்கிருச்சு.

ஞாயித்துக்கெழம வாரேன்னுதான் நான் சொன்னேன். அந்த அம்மா வெள்ளிக்கெழமயே வந்துட்டா. எனக்கு வழி தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் தெனமும் மூணு நட ஆத்தத் தாண்டுனேன். லயத்துல சிலரு, “சீனத்தி பாலு குடிக்குது, நாளைக்குப் பன்னிக்கறி கேக்கும்,”னு கேலி பண்ணாங்க. பேச்சி அக்கா விடல. “கேட்டா நீ ஆக்கிப் போடு லா. ஒன் நாக்குல இருக்குற மொளகாயாவது கொறையட்டும்!”னா. சேவல் ஆ சோ வீட்டுலயே தங்கிருச்சு. அதப் புடிக்க ஆளில்ல.

கோயிலுக்குச் சொன்ன ஞாயித்துக்கெழமயே போனோம். கேக்கப் போற பயணம் நன்றி சொல்லப் போற பயணமா மாறிருச்சு. அருவாள வீட்டுல வச்சுட்டோம். மல்லிப்பூ, ஆரஞ்சுப் பழம், ஊதுவத்தி. ஆ சோவும் ஆ லானும் எங்க வண்டியிலயே வந்தாங்க. வழியெல்லாம் ஆ சோ மாட்டுக்குச் சீனத்துல புத்தி சொல்லிக்கிட்டே வந்துச்சு. “எம் மாட்டுக்குத் தமிழ்தான் தெரியும்,”னாரு சின்னையா அண்ணன்.

பழைய டவுன் கடைத்தெருவத் தாண்டி மலைக்குப் போனோம். குகைக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. மேல பாறையில இருந்து தண்ணி சொட்டுது. பெரிய புத்தர் கண்ண மூடி ஒக்காந்திருக்காரு. பக்கத்துல அந்த அம்மா நிக்குறா. நான் கும்புட்டு நிமுந்து பாக்குறேன், புள்ள என் கையில இல்ல. மாமா வாங்கிட்டாரு. மொதத் தடவ. புள்ளைய அந்த அம்மா மொகத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சு, “சாமிக்கண்ணு”ன்னு கூப்புட்டாரு. கண்ணுல தண்ணி ஊத்துது. ஆ லானும் அழுவுறா, சிரிக்கிறா.

இப்ப சாமிக்கண்ணுக்கு ஒண்ணர வயசு. நடக்குறான். என்னை ஆத்தாங்குறான், ஆ லான சீனத்துல ‘மா’ன்னு கூப்புடுறான். நான் அக்காவுக்காக இன்னும் அழுவுறேன், ஆனா சோறு எறங்குது, வேலையில பாட்டும் பாடுறேன். மாரியாத்தாளுக்கும் வெளக்கு வைக்குறேன், வெள்ளச் சேலை அம்மாவுக்கும் வைக்குறேன். ரெண்டு பேரும் சண்ட போட்டதா எனக்குத் தெரியல.

என்னைப்போலத் தவிச்சுக் கெடக்குறவங்க இருந்தா ஒண்ணு சொல்றேன். மொற தெரியலயேன்னு பயந்து வீட்டுல ஒக்காராதீங்க. தப்பாவாவது கெளம்புங்க. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட வழி கேளுங்க. பெத்தவ மனசு உள்ள சாமி, நாம வந்து சேருற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது, அதுவே எதுக்க வந்துரும்.