பித்தளைத் தகடு

எங்கள் பட்டறையில் அவளுக்குக் கிராம் என்று பெயர். எதைக் கையில் வாங்கினாலும் எடை சொல்லிவிடுவாள். பட்டறை அவள் அண்ணனுடையது. அகன்ற வாயுள்ள புனல் போன்ற ஹார்ன் ஆன்டெனாக்களைச் செய்கிறோம். கெட்டி நுரைப் பலகையில் செம்புத் தாளை ஒட்டி, நுரை உருகாமல் மூலைகளை ஈயத்தால் பற்றவைக்க அவளால்தான் முடியும். அதை ட்ரோனில் கட்டிக் கடல்மேல் பறக்கவிடுவார்கள். தவிக்கும் படகு எந்த அலைவரிசையில் கூப்பிட்டாலும் கேட்க வேண்டும். அவள் புருஷனும் படகில் போகிறவன்.

அண்ணனுக்கு ஒரு பித்து. பட்டறைப் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை ஒவ்வொன்றிலும் திருகி மாட்டுவார். அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் வள்ளென்று விழுவார்.

ட்ரோன் தூக்க வேண்டுமானால் ஆன்டெனாவின் எடை முந்நூறு கிராமைத் தாண்டக் கூடாது. வாங்குகிறவர்கள் பத்து மணிக்கு வருவதாக இருந்த அன்று தராசு முந்நூற்றாறு காட்டியது. அண்ணன் குட்டிபோட்ட பூனையாக அலைந்தார். கிராம் மூலைகளில் ஓடிய ஈயத்தைச் சுரண்டி, பொட்டுப் பொட்டாக மட்டும் விட்டுவைத்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. வாங்குகிறவர்களின் படிவம் கேட்ட இருபது அலைவரிசைகளிலும் நான் அளந்தேன். தேறிவிட்டது.

அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"நடுவுல அளந்தீங்களா?"

"கேட்டத அளந்தாச்சு. வம்ப எதுக்கு வெலைக்கு வாங்கணும்?" எனக்குப் பசி, எரிச்சல் வேறு.

"அளங்க."

அளந்தேன். பதினோராவது அலைவரிசைக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே, திரையில் கோடு பொத்தென்று விழுந்தது. ஈயம் போன இடுக்குகளில் செம்புத் தாள்களுக்கு நடுவே வெறும் பசைதான் இருந்தது. அந்த இடத்தில் ஆன்டெனா முழுச் செவிடு.

"யாரு பாக்கப் போறா, விடு" என்றார் அண்ணன்.

"அவரு அதுல கூப்பிட்டா?"

மூலைகளில் மறுபடி ஈயம் வைத்தாள். இப்போது கோட்டில் பள்ளமில்லை. தராசில் மறுபடி முந்நூற்றாறு. மணி ஒன்பதே முக்கால்.

அண்ணன் பித்தளைத் தகட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இது எத்தன கிராம்?"

"ஏழு."

"எப்ப எட போட்ட?"

"மொத மொத மாட்டுன அன்னைக்கே."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா கழட்டியிருப்பியா அண்ணா?"

அவர் திருப்புளியைத் தேடினார்.