பெயர் தெரியாத மாத்திரை

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து தினமும் சென்னைக்குப் போய் வருகிறவள் சுகாசினி. அங்கே ஒரு தடய அறிவியல் கூடத்தில், போலீஸ் பிடித்து அனுப்பும் போதைப்பொருள்களைப் பரிசோதிப்பது அவள் வேலை.

அவள் தெருவிலேயே இருந்த குரு என்ற பையன், தூக்க மாத்திரை என்று எதையோ வாங்கித் தின்று செத்துப்போனான். கூடவே தின்ற நண்பன் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். மிச்ச மாத்திரைகள் சுகாசினியின் மேசைக்கு வந்தன. பரிசோதனைக் கருவியின் பட்டியலில் இருந்த எந்தப் பொருளோடும் அவை ஒத்துப்போகவில்லை. ஆனால் கருவிக்குள் மூலக்கூறு உடைந்த விதத்தைப் பார்த்தால், அபினைப் போல மூச்சை அடக்கும் ஏதோ புதுச் சரக்காகத் தோன்றியது.

உடனே மருத்துவருக்குப் போன் செய்தாள். "உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா அபினுக்குக் குடுக்கிற முறிவு மருந்தையே குடுங்க. தெளிஞ்சிட்டான்னு விட்டுடாதீங்க, முறிவு மருந்தோட வேகம் கொறஞ்சதும் திரும்பவும் மூச்சு நின்னுடும்."

நண்பன் பிழைத்தான். அறிக்கையில்தான் அவளால் பெயரை எழுத முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அவள் சந்தேகித்த பொருளின் சுத்தமான மாதிரி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள், என்ன பொருள் என்று அறிக்கையில் இல்லாததால், மாத்திரை விற்றுப் பிடிபட்டவன் ஜாமீனில் வந்துவிட்டான்.

பட்டுக்கடையில் புடவை மடிக்கும் கிருஷ்ணவேணி, குருவின் அம்மா, அவளை பஸ் நிறுத்தத்தில் மறித்தாள்.

"ஏம்மா, எம்புள்ள என்னா துன்னான்னுகூட சொல்ல மாட்டியா? ஊரே கண்டதையும் பேசிக்கினு இருக்குது."

சுகாசினி தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

ஒருவழியாக மாதிரி வந்தது, பொருந்தியது. அறிக்கை கோர்ட்டுக்குப் போனபின் அவள் கிருஷ்ணவேணியின் வீட்டுக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னாள்.

"இன்னொரு தபா சொல்லும்மா."

சொன்னாள். கிருஷ்ணவேணி திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பாதிக்கு மேல் வரவில்லை.

"வாயிலயே நுழைய மாட்டேங்குதே," என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.