மூடாத வட்டம்

எழுபத்தொன்பதில் கைவிட்ட இயந்திரத்தை எண்பத்து நான்கில் மறுபடி தொட்டதற்கு ஆர்வம்தான் காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். காரணம் என் மனைவியின் தம்பி.

நான் ஈப்போ பக்கம் கோப்பெங்கில் ஈயச் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். அலுவலகத்தில் கழித்துப் போட்ட பிரிண்டரிலிருந்து இரண்டு மோட்டார்களைக் கழற்றி, மேசைமேல் வைக்கிற சின்ன இயந்திரம் ஒன்று கட்டினேன். ஒரு மோட்டார் தட்டை இடம் வலமாக நகர்த்தும், இன்னொன்று முன்னும் பின்னும். மேலே சுழலும் ஊசி பிளாஸ்டிக் பலகையில் கோடு கீறும். ஓட்டுவதற்குச் சுவிட்சுப் பெட்டி மட்டுமே இருந்ததால் நேர்கோட்டைத் தவிர வேறெதுவும் வரவில்லை. சாக்கைப் போட்டு மூடினேன்.

எண்பத்து நான்கு தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு, பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த அந்த மச்சான் ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனும் அதே மாதிரி ஒன்று கட்டி, அதைக் கணினியோடு இணைத்திருந்தான். பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தான். அதில் ஒரு வட்டம்.

"விரல வச்சுப் பாருங்க மச்சான். எங்க ஆரம்பிச்சேன், எங்க முடிச்சேன்னு சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

"ஏங்க, தம்பி செஞ்சதுல ஓட்டை இருக்கான்னு தேடுறீங்களா?" என்றாள் மனைவி. அதைத்தான் தேடினேன்.

அடுத்த மாதமே தைவானில் செய்த நகல் கணினி ஒன்று என் மேசைக்கு வந்தது. இயந்திரம் தயார். எந்தப் புரோகிராமில் ஓட்டுவது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்ததை மூன்று நாள் உட்கார்ந்து தட்டினேன். மோட்டார் முனகியது, நகரவில்லை. அது வேறு வகை மோட்டாருக்கு எழுதியது. பிறகு நானே எழுதினேன். நகர்ந்தது, ஆனால் வட்டம் நசுங்கி வந்தது, முடிவு தொடக்கத்தைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. இரண்டு மாதம் எண்களை மாற்றிப் பார்த்தேன். இழை அப்படியே இருந்தது.

சித்திரை மாதம் மச்சான் வந்தபோது தன் புரோகிராமைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான்.

"எடுத்துக்குங்க மச்சான். தாப்பா லா, பரவால்ல, சும்மாதான் கெடக்கு."

"வேணாம். எனக்கே எழுதத் தெரியும்."

"தெரியுமே! பாத்தேனே, கோழி முட்ட மாதிரி அழகா வந்திருக்கு."

மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பல நாள் என் காதில் இருந்தது. அவன் தாளை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் வைத்தாள்.

அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த ஒரு காலையில் எடுத்தேன். தவறு கண்டுபிடிக்கத்தான் வரி வரியாகப் படித்தேன். என்னுடையதில் பாதிதான் இருந்தது. நடுவில் இரண்டு வரிகள். மோட்டார் திசை திரும்பும்போதெல்லாம், கணக்கில் சேர்க்காமல் சில ஸ்டெப், அதாவது சிறு அடிகள், கூடுதலாகச் சுற்று என்றன அவை.

தட்டை நகர்த்தும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் நடுவில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். திரும்பும்போது அதைத் தாண்டிய பிறகுதான் தட்டு நகரும். பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் கைப்பிடியைத் தினமும் அப்படித்தான் கூடுதலாகச் சுற்றுகிறேன். பதினைந்து வருடமாக என் கைக்குத் தெரிந்ததைப் புரோகிராமுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கைப்பிடியே தொடாதவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவன் வட்டத்தைவிட இதுதான் அதிகம் எரிந்தது.

இரண்டு வரிகளையும் என் புரோகிராமில் சேர்த்துக்கொண்டு, தாளை இருந்த சாய்விலேயே திருப்பி வைத்தேன். அடிகளைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் மாலைக்குள் வட்டம் மூடியது. மனைவியிடம் "நானே கண்டுபிடிச்சேன்" என்றேன்.

தீபாவளிக்கு வந்த மச்சான் அந்த வட்டத்தின்மேல் விரலை ஓட்டினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு அக்காவுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் கேட்டான்.

"எத்தன ஸ்டெப் போட்டீங்க?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. மறைக்க வழியில்லை.

"பதினொன்னு."

அவன் முகம் மாறியது. "எனக்குப் பதினாறு."

அடி குறைந்தால் தளர்ச்சி குறைவு. என் இயந்திரம் அவனுடையதைவிட இறுக்கம். அவன் குனிந்து தட்டின் அடியில் எட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரிந்திருக்காது, தகடு போட்டு மூடியிருந்தேன்.

"அந்த நட்ட எப்படிச் செஞ்சீங்க மச்சான்? சொல்லுங்களேன்."

நட்டை இரண்டாக அறுத்து, நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தேன். சொல்ல அரை நிமிடம் போதும்.

"மொதல்ல சாப்பிடு, சொல்றேன்" என்றேன்.

சாப்பிட்டான். இரண்டு நாள் தங்கினான். மறுபடியும் ஒருமுறை கேட்டான். பினாங்கு பஸ் புறப்படும்வரை நான் சொல்லவில்லை.